காலண்டர்னு ஒரு ஸ்டீம் இன்ஜினியர்

இன்ஸ்ட்ருமென்டேஷன் லேப் உள்ள எந்த டிபார்ட்மென்ட்ல படிச்சாலும் பிடி-100 சென்சாரை ஒரு தடவையாவது கையில எடுத்திருப்பீங்க. பிளாட்டினம் கம்பி, 0 டிகிரியில 100 ஓம், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸும் ஏறும். அந்த ஏற்றத்துக்கு ஒரு சமன்பாடு உண்டு: காலண்டர்–வான் டியூசன். வைவாவில பேரைக் கேட்பாங்க, சொல்லிட்டு வந்துடுவோம். சுவத்துல மாட்டுற காலண்டருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அது ஒரு குடும்பத்தோட பேர்.

அந்த பிளாட்டினம் தெர்மாமீட்டரை நம்பகமான கருவியா மாத்தினவர் ஹ்யூ காலண்டர். நான் சொல்லப் போறது அவரோட மகன் கை ஸ்டூவர்ட் காலண்டர் பத்தி. பருவநிலை மாற்றத்தோட வரலாற்றை யார் எழுதினாலும் இந்த மகனைத் தாண்டிப் போக முடியாது. பூமி ஏற்கனவே சூடாகிட்டு இருக்கு, நாம எரிக்கிற நிலக்கரியும் எண்ணெயும் அதுக்கு ஒரு காரணம்னு தெர்மாமீட்டர் பதிவுகளை வெச்சு முதல்ல காட்டினவர் அவர்தான். வருஷம் 1938. அவர் வானிலை ஆய்வாளர் இல்லை, பேராசிரியரும் இல்லை. நீராவியோட அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து சம்பளம் வாங்கின இன்ஜினியர்.

1898 பிப்ரவரியில கனடாவின் மான்ட்ரியல்ல பிறந்தார். அப்பா அப்போ அங்கே மெக்கில் பல்கலைக்கழகத்துல இயற்பியல் பேராசிரியர். அதே வருஷம் குடும்பம் லண்டனுக்குத் திரும்பிடுச்சு. வசதியான வீடு, ஆராய்ச்சிக் கருவிகளும் பேச்சும் நிறைஞ்ச வீடு. அஞ்சு வயசுல விளையாட்டுல அண்ணன் ஒரு ஊசியால குத்திட்டார், இடது கண் பார்வை போயிடுச்சு. முதல் உலகப் போர் வந்தப்போ அவர் வயசுப் பசங்க எல்லாம் பிரான்ஸ் பதுங்குகுழிகளுக்குப் போனாங்க. இவர் ஒத்தைக் கண்ணோட அப்பாவின் இம்பீரியல் காலேஜ் லேப்ல உதவியாளரா சேர்ந்தார்.

போர் முடிஞ்சதும் சிட்டி அண்ட் கில்ட்ஸ் இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்ஸும் கணிதமும் படிச்சு 1922-ல சான்றிதழ் வாங்கினார். அப்புறம் மறுபடியும் அப்பாகிட்டயே வேலை. அதிக அழுத்தத்துல நீராவி எப்படி நடந்துக்குதுன்னு அளக்கிற வேலை. தெர்மோடைனமிக்ஸ் பரீட்சைக்கு ஸ்டீம் டேபிள் புத்தகத்தை எடுத்துட்டுப் போவோமே, அதுல இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலயும் இப்படி யாரோ வருஷக்கணக்கா உட்கார்ந்திருப்பாங்க. 1930-ல அப்பா இறந்த பிறகும் இவர் அதை விடலை. மின்துறைக்கான பிரிட்டிஷ் ஆராய்ச்சி சங்கம் ஒண்ணு சம்பளம் கொடுத்தது. எகர்ட்டனோட சேர்ந்து திருத்தின காலண்டர் ஸ்டீம் டேபிள்ஸ் 1939-ல வெளிவந்தது. டர்பைன் டிசைன் பண்றவங்க அதைத்தான் புரட்டினாங்க. ஆக, பகல்ல அவர் வேலை நிலக்கரியை இன்னும் நல்லா எரிக்க உதவுறது. ராத்திரி வீட்டுல பார்த்த வேலை அந்தப் புகை எங்கே போகுதுன்னு கணக்குப் போடறது.

இந்த ராத்திரி வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கலை. சம்பளமும் இல்லை. ஏன் ஆரம்பிச்சார்ங்கிறதுக்கு எனக்குத் தோணுற பதில் ரொம்ப சாதாரணமானது. நீராவிக்கும் வெப்பக் கதிர்வீச்சுக்கும் உள்ள உறவு அவருக்குத் தொழில். கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அகச்சிவப்புக் கதிர்களை எப்படி உறிஞ்சுதுங்கிறது அவருக்குப் புது விஷயமே இல்லை. டேட்டாவைச் சேர்த்து, சுத்தம் பண்ணி, அட்டவணை போடறது வீட்டுப் பழக்கம்.

அப்போ இந்தக் கொள்கை எந்த நிலைமையில இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் மீதிக் கதை புரியும். கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடிச்சு வைக்கும்னு அயர்லாந்துக்காரர் ஜான் டிண்டல் 1859 வாக்கிலேயே லேப்ல காட்டிட்டார். கெமிஸ்ட்ரியில நாம படிச்ச அதே அர்ஹீனியஸ் 1896-ல, காத்துல அது ரெண்டு மடங்கானா பூமி எவ்வளவு சூடாகும்னு கையால கணக்குப் போட்டார். அதுக்கப்புறம் 1900-ல ஸ்வீடன்ல நுட் ஆங்ஸ்ட்ரோம் அந்தக் கொள்கை மேல தண்ணி ஊத்தினார். ஒரு குழாய்ல கார்பன் டை ஆக்சைடை அடைச்சு வெப்பக் கதிரை விட்டுப் பார்த்தா, வாயுவோட அளவைக் குறைச்சாலும் உறிஞ்சுறது பெருசா மாறலை. இருக்கிறதே போதும்ங்கிற அளவுக்கு உறிஞ்சிடுது, இன்னும் சேர்த்தா என்ன ஆகிடப் போகுது? ஜன்னலுக்கு ரெண்டு கறுப்புத் திரை போட்டாச்சு, மூணாவது எதுக்குங்கிற மாதிரி. அதுக்கு மேல, நீராவியும் அதே கதிர்களைத்தான் உறிஞ்சுதுன்னு ஒரு வாதம். பாடப்புத்தகங்கள் இதை ஏத்துக்கிட்டு கதையை மூடிட்டாங்க.

வாதம் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஓட்டை எங்கேன்னா, காத்து மண்டலம் ஒரே ஒரு குழாய் இல்லை. அது அடுக்கடுக்கா இருக்கு. மேலே போகப் போக காத்து மெலிசு, குளிர் அதிகம், நீராவி ரொம்பக் கம்மி. பூமியோட வெப்பம் கடைசியா விண்வெளிக்குத் தப்பிக்கிறது அந்த மேல் அடுக்குகள்லேருந்து. கார்பன் டை ஆக்சைடு கூடினா தப்பிக்கிற இடம் இன்னும் உயரத்துக்கு, இன்னும் குளிரான இடத்துக்குப் போகும். குளிரான இடம் கம்மியாத்தான் வெளியே விடும். கணக்கு சமமாகணும்னா கீழே சூடாகணும். இதை இப்படி முழுசா விளக்கினது பின்னாடி வந்தவங்க. ஆனா பழைய அளவீடுகள் தப்பு, புது அளவீடுகளை வெச்சு அடுக்கடுக்காக் கணக்குப் போடணும்னு உட்கார்ந்தவர் காலண்டர்.

அவர் செஞ்ச வேலை நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாதிரி மூணு பகுதியா இருந்தது. ஒண்ணு, பத்தொன்பதாம் நூற்றாண்டுலேருந்து யார் யார் காத்துல கார்பன் டை ஆக்சைடை அளந்தாங்களோ அதெல்லாம் தேடிப் பிடிச்சு, நம்பக்கூடியது எது, ஊர்ப் புகைக்குள்ள நின்னு அளந்தது எதுன்னு பிரிச்சார். 1900 வாக்கில் பத்து லட்சத்துல சுமார் 290 பங்குன்னு முடிவுக்கு வந்தார். ரெண்டாவது, 50 வருஷத்துல மனுஷன் எரிச்ச எரிபொருள்லேருந்து சுமார் 15,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வெளியே போயிருக்கு, அதுல முக்கால்வாசி காத்துலயே தங்கியிருக்குன்னு கணக்கிட்டார். மூணாவதுதான் பெரிய உழைப்பு. உலகம் முழுக்க 147 வானிலை நிலையங்களோட வெப்பப் பதிவுகளை வாங்கி, எல்லாத்தையும் கையாலேயே சராசரி எடுத்தார். எக்ஸெல் கிடையாது, பைத்தான் கிடையாது, கால்குலேட்டர் கூட நாம நினைக்கிற மாதிரி கிடையாது.

வந்த விடை: 50 வருஷத்துல நிலப்பகுதியோட வெப்பம் சுமார் 0.3 டிகிரி ஏறியிருக்கு. வருஷத்துக்கு 0.005 டிகிரி. அவர் கொள்கைப்படி கார்பன் டை ஆக்சைடு மட்டும் காரணமா இருந்தா வருஷத்துக்கு 0.003 டிகிரி ஏறணும். அதாவது நடந்ததுல பாதிக்கு மேல அவர் விளக்கிட்டார், மீதியை விளக்கிட்டேன்னு சொல்லிக்கலை. காத்துல அது ரெண்டு மடங்கானா 2 டிகிரி ஏறும்ங்கிறதும் அவர் கணக்கு.

1938 பிப்ரவரி 16. லண்டன்ல ராயல் மெட்டீரியலாஜிக்கல் சொசைட்டி கூட்டம். கட்டுரை வாசிச்சாச்சு. அடுத்து கேள்வி நேரம். ரிவ்யூல பேனல் உட்கார்ந்திருக்கிறப்போ நமக்கு வயித்துல ஒண்ணு பிசையுமே, அதை நினைச்சுக்கோங்க. எதிர்ல உட்கார்ந்திருந்தவங்க அந்தத் துறையோட உச்சத்துல இருந்தவங்க. சர் ஜார்ஜ் சிம்சன், பிரிட்டிஷ் வானிலைத் துறைக்கு 1920-லேருந்து தலைவர். அதுக்கு முன்னாடி சிம்லாவுல இந்திய வானிலைத் துறையில வேலை பார்த்தவர், ஸ்காட்டோட அன்டார்டிகா பயணத்துலயும் போனவர். டேவிட் பிரண்ட், வானிலை இயற்பியலுக்குப் பாடப்புத்தகம் எழுதினவர். இன்னும் சிலர்.

சிம்சனோட பேச்சோட சாரம் இதுதான்: வானிலைத் துறைக்கு வெளியில உள்ளவங்களுக்கு ஒரு விஷயம் புரியறது இல்லை, காத்து ஒரு இடத்துல நிக்கிறது இல்லை, அது வெப்பத்தைத் தூக்கிட்டு ஓடிட்டே இருக்கு, கதிர்வீச்சை மட்டும் வெச்சு வெப்பநிலையைச் சொல்ல முடியாது. ரெண்டும் சேர்ந்து ஏறினது தற்செயல்னு அவர் நினைச்சார். இன்னொருத்தர், வெப்பம் ஏறினது உண்மைதான், ஆனா காத்தோட்டம் மாறினதாலயும் அது வரலாமேன்னார். இன்னொருத்தர், இது இயற்கையா வந்துட்டுப் போற ஏற்ற இறக்கமா இருக்காதான்னு கேட்டார். வேறொருத்தர், பழைய தெர்மாமீட்டர்களையும் பழைய வாயு அளவீடுகளையும் இவ்வளவு நுணுக்கமா நம்பலாமான்னு கேட்டார்.

இங்கே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரிக் கதையில எதிர்ல உட்கார்ந்தவங்களை வில்லனாக்கிடறது சுலபம். அவங்க முட்டாள்கள் இல்லை. அந்தக் கேள்விகள்ல பெரும்பாலானவை சரியான கேள்விகள். பழைய தெர்மாமீட்டரை நம்பலாமான்னு கேட்காத விஞ்ஞானி என்ன விஞ்ஞானி? அதுல ஒரு கேள்வியை காலண்டர் தனக்குத்தானே முன்கூட்டியே கேட்டிருந்தார். ஊர் வளர்ந்து கட்டடம் பெருகினா அங்கே இருக்கிற தெர்மாமீட்டரும் சூடு காட்டும். அதனால நகர நிலையங்களையும் கிராமப்புற நிலையங்களையும் தனித்தனியா ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். ரெண்டுலயும் ஏற்றம் இருந்தது.

எனக்கு உறுத்தறது அந்தச் சாயங்காலம் இல்லை, அதுக்கப்புறம் வந்த வருஷங்கள். 1941-ல அகச்சிவப்பு உறிஞ்சலைப் பத்திப் புது அளவீடுகளோட இன்னொரு கட்டுரை. 1949-ல ஒண்ணு. 1958-ல ஒண்ணு. 1961-ல வெப்பப் பதிவுகளை இன்னும் விரிவா எடுத்து ஒண்ணு. கேட்ட கேள்விக்கு அவர் ஒவ்வொண்ணா பதில் தேடிக்கிட்டே இருந்தார். கேட்டவங்கள்ல யாரும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க மெனக்கெடலை. கேள்வி கேட்கறது ஒண்ணு, பதில் வந்த பிறகும் அதே கேள்வியில உட்கார்ந்திருக்கறது வேற.

அதே சமயம், காலண்டரை ரீல்ஸ்ல வர்ற எச்சரிக்கை மணி அடிக்கிற தீர்க்கதரிசியாவும் நினைச்சுடாதீங்க. அவருக்குப் பயமே இல்லை. 1938 கட்டுரையோட முடிவுல, இந்தச் சூடு மனுஷனுக்கு நல்லதுன்னுதான் எழுதினார். வடக்கே குளிர் நாடுகள்ல விவசாயம் இன்னும் மேலே போகும், காத்துல கார்பன் டை ஆக்சைடு கூடினா செடி நல்லா வளரும், பனியுகம் திரும்பி வர்றது தள்ளிப் போகும். இங்கிலாந்தோட குளிர்ல உட்கார்ந்து எழுதினவர். மே மாசத்து வேலூர் வெயில்ல உட்கார்ந்திருந்தா இதை எழுதியிருப்பாரான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அவர் பார்த்தது 0.3 டிகிரி. 1939-ல எழுதின கட்டுரையில, மனுஷன் நிமிஷத்துக்கு 9,000 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்றான்னு ஒரு கணக்கு வரும். இன்னைக்கு அது கிட்டத்தட்ட 70,000 டன்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். இங்கிலாந்துல பனிமூட்டம் வந்தா குண்டுவீசப் போன விமானங்கள் திரும்பி இறங்க முடியாம நொறுங்கிட்டு இருந்தது. ரன்வேயோட ரெண்டு பக்கமும் பைப் போட்டு பெட்ரோலை எரிச்சு, அந்தச் சூட்டுல மூட்டத்தை விரட்டற திட்டம் ஒண்ணு வந்தது. பேர் ஃபைடோ. அதுல காலண்டரும் வேலை பார்த்தார். சுமார் 2,500 விமானங்கள் அப்படி இறங்கினதா கணக்கு. எரிபொருளை எரிச்சா காத்தோட குணம் மாறும்ங்கிறதை ஒரு ரன்வே அளவுல எல்லாரும் கண்ணால பார்த்தாங்க. அதுக்கு யாரும் சந்தேகம் கிளப்பலை. இந்த வேலையாலதான் அவர் சசெக்ஸ்ல ஹார்ஷம்ங்கிற ஊருக்குக் குடிபோனார். கடைசி வரைக்கும் அங்கேயேதான். மனைவி, ரெட்டைப் பொண்ணுங்க, டென்னிஸ், வீட்டுல நோட்டுப் புத்தகங்கள்.

1950-களில் காத்து திசை மாறிச்சு. ஆர்க்டிக் பக்கம் பனிப்பாறைகள் பின்வாங்கறதை அமெரிக்கப் பத்திரிகைகள் எழுத ஆரம்பிச்சது. சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் 1950-லேயே உலகம் சூடாகுதான்னு கேட்டு ஒரு கட்டுரை போட்டது. 1953-ல கில்பர்ட் பிளாஸ்ங்கிற இயற்பியலாளர், கார்பன் டை ஆக்சைடு பூமியைச் சூடாக்குதுன்னு சொன்னது டைம் பத்திரிகையில வந்தது. பிளாஸ் கம்ப்யூட்டர்ல அடுக்கடுக்கா கணக்குப் போட்டார், ஆங்ஸ்ட்ரோமோட குழாய் வாதம் அதோட கிட்டத்தட்ட முடிஞ்சது. 1957-ல ரெவல், சூஸ் ரெண்டு பேரும் கடல் நாம நினைச்ச வேகத்துல இந்த வாயுவை விழுங்காதுன்னு காட்டினாங்க. கடல் எல்லாத்தையும் குடிச்சுடும்ங்கிறது அதுவரைக்கும் எல்லாருக்கும் தைரியம் கொடுத்த வாதம். எரிபொருளால பூமி சூடாகிறதுக்கு காலண்டர் விளைவுன்னே பேர் வந்தது. 1958-ல சார்லஸ் கீலிங் ஹவாயில மவுனா லோவா மலை மேல கருவியை வெச்சார். முதல்ல காட்டினது 313 வாக்கில். இப்போ 420-ஐத் தாண்டியாச்சு.

கொள்கை ஜெயிக்கிற நேரத்துல பூமி காலை வாரிச்சு. 1940-களுக்கு அப்புறம் உலகச் சராசரி வெப்பம் ஏறாம நின்னது, வடக்குப் பக்கம் கொஞ்சம் இறங்கவும் செஞ்சது. புகையில இருந்த தூசும் கந்தகமும் வெயிலை மறைச்சது அதுக்கு ஒரு காரணம்னு பின்னாடிதான் புரிஞ்சது. அதுக்கு மேல 1962–63 குளிர்காலம். இங்கிலாந்துல 1740-க்கு அப்புறம் அவ்வளவு குளிர் வந்ததே இல்லை. ஆறு உறைஞ்சது, கடலோரம் உறைஞ்சது. பூமி சூடாகுதுன்னு 25 வருஷமா சொல்லிட்டு வந்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தா வாரக்கணக்கா பனி. ஜனங்க இதைப் பார்த்துட்டு இந்தக் கொள்கையே பொய்னு சொல்லிடுவாங்களேங்கிற கவலை அவருக்கு இருந்தது. ஒரு ஊர்ல ஒரு குளிர்காலம் உலகச் சராசரி ஆகாதுன்னு 147 ஊரைக் கூட்டி வகுத்தவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். மத்தவங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறதுங்கிறதுதான் சிக்கல்.

1964-ல, சாகறதுக்குச் சில மாசம் முன்னாடி, நோட்டுல ஒரு பக்கம் எழுதினார். கார்பன் டை ஆக்சைடு கொள்கை ஏன் யாருக்கும் பிடிக்கலைங்கிறதுக்கு நாலு காரணம். இவ்வளவு சிக்கலான காத்து மண்டலத்துல ஒரே ஒரு விஷயம் உலகம் முழுக்க மாத்தத்தைக் கொண்டுவரும்னா, அந்தச் சிக்கலை நல்லா அறிஞ்சவங்களுக்கே நம்ப முடியலை. மனுஷன் செய்யற காரியம் இவ்வளவு பெரிய ஒண்ணை அசைக்கும்ங்கிற எண்ணமே சிலருக்கு அருவருப்பா இருக்கு. பழைய பெரியவங்க தப்பான அளவீட்டை நம்பித் தீர்ப்புச் சொல்லிட்டாங்க, தீர்ப்புச் சொல்ற அளவுக்கு அதை ஆராயவும் இல்லை. நாலாவது, அவங்களுக்கு இது முதல்ல தோணலை.

நாலாவதைப் படிச்சப்போ சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் அதுல இருக்கிற கசப்பும் தெரிஞ்சது. ஆனா முதல் காரணத்தை மறுபடி பாருங்க. தன்னை மறுத்தவங்க அறிவாளிகள்னு ஒத்துக்கிட்டு, அந்த அறிவே எப்படி அவங்களைத் தடுத்ததுன்னு எழுதியிருக்கார். எனக்கு இந்தப் பட்டியல்ல ரொம்பப் பயமுறுத்தறது ரெண்டாவது காரணம். மத்த மூணும் அந்தத் தலைமுறையோட போயிடக் கூடியது. மனுஷனால இவ்வளவு பெரிய பூமியை என்ன பண்ணிட முடியும்ங்கிற வாதத்தை நம்ம ஹாஸ்டல் மெஸ்லயே கேட்கலாம்.

1964 அக்டோபர்ல ஹார்ஷம்ல திடீர்னு இறந்துட்டார். வயசு 66. அடுத்த வருஷமே அமெரிக்க அதிபர் ஜான்சனுக்கு அவரோட அறிவியல் ஆலோசனைக் குழு கொடுத்த அறிக்கையில, எரிபொருளால காத்துல சேர்ற கார்பன் டை ஆக்சைடுக்குன்னு தனிப் பகுதி இருந்தது.

1900-க்கு அவர் சொன்ன 290-ஐ, தனக்குச் சாதகமான எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்னு சொல்லி அன்னைக்கும் மறுத்தாங்க, ரொம்ப காலம் கழிச்சும் மறுத்தாங்க. அன்டார்டிகா பனிக்கட்டிக்குள்ள அடைபட்டிருந்த பழைய காத்துக் குமிழ்களை வெளியே எடுத்து அளந்தப்போ 1900-க்கு வந்த எண் 295-ஐ ஒட்டி இருந்தது. வெப்பக் கணக்கை 2013-ல எட் ஹாக்கின்ஸும் ஃபில் ஜோன்ஸும் திரும்ப எடுத்தாங்க. இன்னைக்கு இருக்கிற ஆயிரக்கணக்கான நிலையங்களோட பதிவை வெச்சு கம்ப்யூட்டர் போட்ட கோட்டையும், 147 நிலையங்களை வெச்சு காலண்டர் கையால போட்ட கோட்டையும் ஒரே படத்துல வரைஞ்சு, 1938-ல அவர் கட்டுரையைப் போட்ட அதே சொசைட்டியோட இதழ்லயே வெளியிட்டாங்க. ரெண்டு கோடும் கிட்டத்தட்ட ஒண்ணு மேல ஒண்ணாப் போகுது.